புதன்கிழமை 11:50க்குப் போட்ட கோடு

"புதன். 11:50. அக்கா கோடு போட்டாச்சு. 12:22. மெதுவாகிறது. கொள்ளுப் பருப்பு."

என் நீல அட்டை நோட்டில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். பக்கத்தின் தலையில் தேதியும் இருக்கிறது. அலுவலகத்தில் என்னோடு இன்னும் வேலை பார்ப்பவர்களை நினைத்து அதை மட்டும் இங்கே விட்டுவிடுகிறேன். முதல் இரண்டு பதிவுகள் நீல மையில், கடைசி இரண்டு சொற்கள் பென்சிலில், ஓரத்தில், நேரம் குறிக்காமல். நான் எதையும் நேரம் போட்டு எழுதுகிறவள். எங்கள் தெருவில் எந்த மரத்தை எந்தக் கிழமை வெட்டினார்கள் என்பதுகூட என்னிடம் இருக்கிறது. சரித்திரப் புத்தகம் கையில் கிடைத்தால் முதலில் அடிக்குறிப்புகளைத்தான் படிப்பேன். அப்படிப்பட்டவள் அன்று மட்டும் ஏன் இரண்டு சொற்களை நேரமில்லாமல் விட்டேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

மைசூரில் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். ரத்தப் பரிசோதனை ஆய்வகங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்து, அதை நாங்களே ஓட்டியும் தந்தோம். நோயாளியின் முடிவு செல்போனுக்குப் போய்ச் சேர எத்தனை நொடி ஆகிறது, எந்த இடத்தில் சிக்குகிறது என்பதையெல்லாம் வரைபடமாகக் காட்டும் ஒரு கண்காணிப்புக் கருவியை வெளியிலிருந்து வாங்கி வைத்திருந்தோம். எங்கள் மென்பொருளின் புது வெர்ஷன் ஒன்றை சர்வரில் ஏற்றும்போது அந்த வரைபடத்தில் நிமிர்ந்த கோடு ஒன்று போட வேண்டும். கோட்டுக்குப் பிறகு ஏதாவது மெதுவானால் புது வெர்ஷன்மேல் சந்தேகம் வரும். எங்களுடையது சின்னக் கம்பெனி. புது வெர்ஷனைக் கையால் கட்டளை தட்டித்தான் ஏற்றுவோம். அடுத்தது ஏறும்போது முந்தையதன் தடயம் சர்வரில் அழிந்துவிடும். ஆகவே எப்போது எது ஏறியது என்பதற்கு அந்தக் கோடுதான் ஒரே பதிவேடு. ஏற்றுவதும் கோடு போடுவதும் அக்காவின் வேலை, ஏற்றிய பின் சரியாக ஓடுகிறதா என்று கூட இருந்து பார்ப்பது என்னுடையது.

அக்கா என்கிறேனே தவிர என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அந்த வேலைக்கு எனக்குப் பின்னால் வந்தவரும்கூட. ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரர். வாரம் முழுக்க மைசூரில் பெண்கள் விடுதியில் தங்குவார், சனிக்கிழமை கொள்ளேகால் பஸ் பிடித்து அம்மாவிடம் போவார். நான் பிறந்ததிலிருந்து மைசூர். வீட்டில் தமிழ் பேசினாலும் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். அக்காவின் தமிழைக் கேட்பதே எனக்கு ஒரு புத்தகம் படிக்கிற மாதிரி இருந்தது.

எங்களுக்குப் புதன்கிழமைதான் வெளியீட்டு நாள். புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை ராகுகாலம். அக்கா பதினொன்றே முக்காலைத் தாண்டியதும் கருவியில் கோட்டைப் போட்டுவிட்டு, வெர்ஷனை ஏற்றாமல் எழுந்து கை கழுவப் போவார். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அக்கா, இன்னும் ஏத்தவே இல்லையே. கோடு இருக்கே?"

"நல்ல நேரத்துல தொடங்குனாப்ல ஆயிருச்சில்ல? சாமி கணக்குல தொடங்கியாச்சு. நம்ம கணக்குல சாப்புட்டு வந்து ஏத்திக்கலாம். வா அம்மிணி."

"அப்போ அது பொய்க் கோடுதானே?"

"ஊருக்குப் போறவங்க நல்ல நேரம் பாத்து பைய மட்டும் கொண்டு போய் பக்கத்து வீட்ல வெச்சுட்டு வர்றதில்லையா, அது பொய்யா? நீ நோட்டுல எழுதிக்க. நாளைக்குக் கலெக்டரு கேட்டா காட்டலாம்."

எழுதிக்கொண்டேன். அதன் பிறகு பெரும்பாலான புதன்கிழமைகளில் இரண்டு நேரங்கள் என் நோட்டில் இருக்கும், கோடு போட்டது ஒன்று, ஏற்றியது ஒன்று. அக்காவுக்கு அதில் நம்பிக்கை எவ்வளவு, விளையாட்டு எவ்வளவு என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்டால், "ஒருக்கா பாக்காம ஏத்துனோம், சாயங்காலம் வரைக்கும் வாங்கிக் கட்டிக்கிட்டோம்" என்பார். அந்த ஒருக்கா எந்த நாள் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு மாதம் சொல்வார்.

அந்தப் புதன்கிழமைக்குச் சற்று முன்பு, அதே மாதத்தில், கருவியில் பெரிய மாற்றங்கள் வந்தன. மாற்றங்களின் பட்டியல் மின்னஞ்சலில் வரும். அதை அச்செடுத்து ஒரு கோப்பில் வைப்பது என் வழக்கம். வேறு யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு முடிவும் எப்போது, எந்த வழியாகப் போனது என்ற முழு விவரத்தையும் ஒரு மாதம் வைத்திருந்த கருவி, இனி ஒரு வாரம்தான் வைத்திருக்கும் என்றது ஒரு வரி. மெதுவானதற்கான காரணத்தை இனிக் கருவியே கண்டுபிடித்துச் சொல்லும், அதற்கு வெளியீட்டுக் கோடுகளை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் என்றது இன்னொரு வரி. இரண்டையும் நான் பென்சிலால் அடிக்கோடிட்டிருக்கிறேன். கோடுகளை ஆதாரமாக எடுக்கும் என்பதைப் படித்த பிறகும் அக்காவின் கோடு என் நினைவுக்கு வரவில்லையா, வந்தும் சொல்லாமல் இருந்தேனா, சொன்னேனா? சொன்னதாக ஒரு நினைவு இருக்கிறது. படிக்கட்டில், டீ கையில். ஆனால் அந்த நினைவில் அக்கா மழைக்கோட்டு போட்டிருக்கிறார், அந்த வாரம் மழையே இல்லை.

அந்தப் புதன்கிழமை பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு எல்லாம் மெதுவானது. நஞ்சன்கூட்டு ஆய்வகம் ஒன்றில் ஆட்கள் முடிவுக்காக மாலை வரை உட்கார்ந்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அன்று பிற்பகல் முழுக்கத் தொலைபேசிதான். வெர்ஷன் ஏற்றிய நேரத்தை நான் எழுதவில்லை.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை, ஆய்வகத்துக்காரர்கள் வீடியோ அழைப்பில் திரையில் இருக்க, மேனேஜர் சார் கருவியைத் திறந்தார். அவர் மாண்டியா பக்கத்துக்காரர். எங்களுக்குப் புதிதாக வந்தவர், கெட்டவர் இல்லை. கருவி தன் முடிவைச் சுத்தமான வாக்கியங்களில் எழுதி வைத்திருந்தது: புது வெர்ஷன் ஏறி முப்பத்திரண்டு நிமிடத்தில் தாமதம் தொடங்கியது, இந்த வெளியீடே காரணமாக இருக்கக்கூடும். கீழே அக்காவின் பெயர். விவரங்களைத் திறந்து பார்க்கலாம் என்று சார் அமுக்கினார். ஒரு வாரம் கடந்துவிட்டதால் உள்ளே ஒன்றுமில்லை.

"சார், அது ரிலீஸ் இல்லைங்க. கோடு மட்டும்தான். ஏத்துனது சாப்புட்டு வந்து, ஒன்றரைக்கு மேல" என்றார் அக்கா.

"கோடு எதுக்கு முன்னாடியே?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "ராகுகாலங்க சார்" என்றார்.

திரையில் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நீவு பர்கொள்தீரல்ல, நோட்டல்லி இதெயா?" என்றார். நீங்கள்தான் எழுதி வைப்பீர்களே, நோட்டில் இருக்கிறதா என்று.

அந்த மாதத்தோடு அக்காவின் ஒப்பந்தம் முடிகிறது, நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் முடிவு செய்யப் போகிறார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மாவை அழைத்து வந்துவிடலாம் என்று குவெம்பு நகரில் இரண்டு அறை வீடு ஒன்றை அவர் பார்த்து வைத்திருந்ததும் எனக்குத் தெரியும். நோட்டைத் திறந்தேன். பதினொன்று ஐம்பது, பன்னிரண்டு இருபத்திரண்டு. இரண்டையும் வாசித்தேன். ஏற்றிய நேரம் இல்லை என்றேன். எல்லாப் புதன்கிழமையும் சாப்பிட்டு வந்துதான் ஏற்றுவார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மற்ற புதன்கிழமைகள் அந்தப் புதன்கிழமைக்குச் சாட்சி ஆகுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சார் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் அக்கா, "இருக்கறதத்தான படிச்சே, அதுக்கு ஏன் மூஞ்சிய அப்பிடி வெச்சிருக்கே" என்றார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, எவர்சில்வர் டப்பாவையும் மேசையில் இருந்த சின்னக் காலண்டரையும் பையில் போட்டுக்கொண்டு வழக்கம்போலக் கொள்ளேகால் பஸ்ஸுக்குக் கிளம்பினார். திங்கட்கிழமை வரவில்லை.

போன வாரம் கருவியின் புதிய மாற்றப் பட்டியல் வந்தது. இனி ஒரு வெளியீட்டுக்கு இரண்டு கோடுகள் போடலாமாம், தொடங்கியதற்கு ஒன்று, முடிந்ததற்கு ஒன்று. கோட்டின் அருகே குறிப்பும் எழுதலாம். கருவி சொல்லும் காரணத்துக்குக் கீழே, இது ஊகம் மட்டுமே, சரிபார்க்கவும் என்று ஒரு வரி இனி வருமாம். தாளை மேசையில் வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். இப்போது சாமராஜநகரில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை. அம்மா ராமாபுரத்தில்தான் இருக்கிறார்.

செய்தியைச் சொன்னதும் சிரித்தார். "ரெண்டு கோடா? எனக்காகவே போட்டாப்ல இருக்குதே. ஒண்ணு ராகுகாலத்துக்கு முன்னாடி, ஒண்ணு பின்னாடி."

"அக்கா, அன்னைக்கு எத்தனை மணிக்கு ஏத்துனீங்க?"

பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே குரலை உயர்த்திச் சொன்னார்.

"மீட்டிங்குல சொன்னப்ப எனக்கு உறுதியாத்தான் இருந்துச்சு. ரூமுக்குப் போயி யோசிச்சப்பத்தான் வேற மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு உன்ற பொண்ணு ஸ்கூல்ல மீட்டிங்குன்னு நீ பறந்தயே. நீ போறதுக்குள்ள ஏத்திப்போடலாம்னு, கோடு போட்ட கையோட ஏத்திப்போட்டனோ என்னமோ."

"அன்னைக்கு நாம சேர்ந்து சாப்பிட்டிருக்கோம் அக்கா. கொள்ளுப் பருப்புன்னு எழுதியிருக்கேன்."

"நின்னுக்கிட்டே ரெண்டு வாய் உண்டுட்டு ஓடுனே. இல்ல, அது வேற நாளோ."

"ஏன் அக்கா இதை அப்பவே சொல்லல?"

"சொல்லி? உன்ற பேரையும் சேத்து அந்த மிஷின் எழுதோணுமா?"

பிறகு அவர் என் பெண் எந்த வகுப்பு என்று கேட்டார். சொன்னேன். வேறு என்ன பேசினோம் என்று எழுதி வைக்கவில்லை.

அன்று மாலை மகளின் பழைய பள்ளி டைரியைத் தேடி எடுத்தேன். அந்த வாரத்தில் பெற்றோர் கூட்டம் இருந்தது உண்மைதான். "புதன் அல்லது வியாழன், பெற்றோர் வசதிப்படி" என்று ஆசிரியை எழுதியிருக்கிறார். கீழே நான் வந்துபோனதற்கு என் கையெழுத்து. கையெழுத்தின் கீழே எப்போதும் தேதி போடுகிறவள் அங்கே போடவில்லை. வகுப்பாசிரியை இப்போது அந்தப் பள்ளியில் இல்லை.

நீல நோட்டில், பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு மேலே, ஒரு வரி எழுதும் அளவுக்கு இடம் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு இருபத்திரண்டை அப்போதே எழுதினேனா, பிறகு வரைபடத்தைப் பார்த்து எழுதினேனா என்பதும் நினைவில்லை. நேற்று பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பள்ளிக்குப் போனது புதன்கிழமை என்றால், அவசரப்படுத்தியது நான். வியாழன் என்றால் அக்கா மீட்டிங்கில் சொன்னது சரி, நான் வாய் திறந்திருக்க வேண்டும். எந்த நாள் என்று தெரிந்தால் எதற்காக வருந்துவது என்றாவது தெரியும். அந்தப் புதன்கிழமை புது வெர்ஷன் எத்தனை மணிக்கு ஏறியது என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.