அப்பாவின் கை தவறவில்லை

அப்பாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், ஓராண்டு கழிந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களுக்கும் நான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டாம் என்று அப்பாவே கேட்டுக்கொண்டார். முதலில் அவர் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

அப்பா சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றது. பதினாறு வயதில் ஜெலுத்தோங்குக்கு வந்து, வண்டி பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் மண்ணெண்ணெயில் இன்ஜின் சாமான் கழுவினார். பிறகு அதே தெருவில் சொந்தப் பட்டறை வைத்தார். கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரரிடம் காட்டாமல் அவர் வீசியதே இல்லை. எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆங்கிலக் கையேடுகளை நான்தான் அவருக்குப் படித்துச் சொல்வேன். அதில் எனக்கிருந்த பெருமையை மறைக்க மாட்டேன்.

இன்ஜினை இறக்கினால் அப்பா அதோடு நிற்க மாட்டார். கிளட்ச், பேரிங், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் ஷாஃப்ட், அதன் இணைப்புகள் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். புது இன்ஜின் இழுக்கிற இழுப்பைத் தேய்ந்த சாமான் தாங்காது என்பார்.

சென்ற ஆண்டு, பாயான் பாரு தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்று, இன்ஜினை முழுக்கக் கழற்றிச் சீராக்கும் ஓவர்ஹாலுக்கு வந்தது. கிளட்சை மாற்றினார், பேரிங்கை மாற்றினார். ஷாஃப்டின் முன் இணைப்பைப் பிடித்து மெல்லத் திருப்பியவர் அப்படியே நின்றார். மறுபடியும் திருப்பினார். ஓரிடத்தில் சிக்குகிறது என்றார். என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. புதியது வர மூன்று நாளாகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை வண்டி ஓடியாக வேண்டும் என்று வேன்காரர் அண்ணன் வாசலிலேயே நின்றார்.

"நீங்க தொட்டா எல்லாமே தேஞ்சதுதான் லா, அண்ணே. விட்டா என்னையும் கழட்டி மாத்திடுவீங்க."

அப்பா சிரிக்கவில்லை. கையேட்டைப் பார்க்கச் சொன்னார். இணைப்பில் ஆட்டம் இருந்தால் மாற்றவும் என்று போட்டிருந்தது. ஆட்டிப் பார்த்தேன்.

"ஆட்டம் இல்லப்பா. புக்குல ஓகேன்னுதான் இருக்கு."

அவர் அந்த இரும்பையே வெகுநேரம் பார்த்தார். "கை வேற சொல்லுதும்மா," என்றார். பிறகு, "சரி, நீ படிச்சவ. மாட்டிடுவோம்."

ஓவர்ஹால் செய்த வண்டியைத் தானே மலையேற்றி இறக்காமல் அப்பா யாரிடமும் கொடுத்ததில்லை. ஞாயிறு காலை நானும் ஏறப் போனேன். எப்போதும் ஏற்றிக்கொள்பவர், அன்று உள்ளிருந்தபடியே கதவைச் சாத்திவிட்டார். இன்ஜின் சுத்தமாக ஓடியது. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு சத்தம், டிக் டிக் என்று, தெருமுனை வரை கேட்டது. வண்டி இன்னும் சூடாகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாயா தெருபோங் ஏற்றத்தில் இணைப்பு உடைந்தது. கழன்ற ஷாஃப்ட் சாலையில் குத்தி வேனைப் புரட்டியது.

அப்பா நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். இரண்டாம் நாள் பேச்சு வந்தது. அன்று காலைதான் நான் கையேட்டை மறுபடி திறந்திருந்தேன். ஆட்டம் இல்லாவிட்டாலும், திருப்பும்போது சிக்கினால் மாற்ற வேண்டும் என்று அடுத்த வரியிலேயே இருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

"யாருட்டயும் சொல்லாத," என்றார். "நான் பாக்காம விட்டேன்னே இருக்கட்டும். நீ நிமிந்து நடக்கணும்."

சாவு வீட்டில் அதுதான் பேச்சானது. வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது, கை தப்பிவிட்டது என்றார்கள். அம்மா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

வேனிலிருந்து அப்பாவைத் தூக்கியெடுத்த முகம் தெரியாத மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும், தாதியருக்கும், எங்களோடு நின்ற வேன்காரர் அண்ணனுக்கும் நன்றி. பதினாறு நாளும் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்த தொழிற்சாலை அக்காமாருக்கும் நன்றி. விபத்துக்கு மறுநாள் அந்த வண்டியில் ஏற இருந்தவர்கள் அவர்கள்.

இனி யாரேனும் அப்பாவின் கை தப்பிவிட்டது என்று சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவர் கடைசியாகக் கேட்டதை நான் மீறிவிட்டேன்.