ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கொடிக்கம்பி

சுருளிப்பட்டி அனுசுயாவுக்கு நடக்க வந்ததும் நீந்த வந்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் என்பார்கள். பன்னிரண்டு வயது வரைக்கும் பள்ளிக்கூடம் விட்டால் ஆறு, ஆறு விட்டால் சோறு, அவ்வளவுதான் அவள் உலகம்.

ஒருநாள் முங்கியவள் மேலே வரவில்லை. யாரோ ஆற்றோடு விட்ட சேலை காலில் சுற்றிக்கொண்டது. அப்பா தங்கப்பாண்டியன்தான் குதித்து, சேலையைக் கிழித்தெறிந்து, மகளைத் தூக்கி வந்தார். மனுஷன் மூன்று நாள் வேலைக்கே போகவில்லை. நாலாம் நாள் ஒரு சட்டம் போட்டார்.

"என்னைக்கு இந்த ஆத்துல துணி இல்லாமப் போகுதோ, அன்னைக்கு இறங்கு. அதுவரைக்கும் கால நனைச்சே, தோல உரிச்சுருவேன்."

நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் சொன்னார். மேலே படித்துறையில் அமாவாசைக்கு அமாவாசை கூட்டம். திதி கொடுக்க வருகிறவர்கள் முங்கி எழுந்து, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். பார்த்தால் கழித்த தோஷம் கூடவே வந்துவிடுமாம். அதனால், அந்தத் துணி எங்கே போகிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் பார்த்ததில்லை. அவர்களில் தங்கப்பாண்டியனும் ஒருவர். மகள் காலில் சுற்றிய சேலையைக் கிழித்த அதே கையால், வருஷம் தவறாமல் ஆடி அமாவாசைக்குத் தன் வேட்டியை விட்டுவிட்டு வருவார்!

நான்கு வருஷம் ஆற்றைக் கரையிலிருந்தே பார்த்தாள் அனுசுயா. பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபோது அப்பாவின் சட்டத்தையே பிடித்துக்கொண்டாள். துணி இல்லாமல் போனால் இறங்கலாம், அவ்வளவுதானே? அப்படியென்றால் இல்லாமல் ஆக்கிவிட்டால் போயிற்று.

தங்கப்பாண்டியனுக்குத் திராட்சைப் பந்தலுக்குக் கம்பி இழுத்துக் கட்டுகிற தொழில். கொல்லையில் பழைய கம்பி குவிந்துகிடந்தது. அனுசுயா அதை எடுத்து நான்கு இழையாக முறுக்கி, வரிசையாகக் கொக்கி வளைத்து மாட்டினாள். படித்துறைக்குக் கீழே, வளைவு தாண்டி, இந்தக் கரையில் ஒரு மருதமரம், அந்தக் கரையில் ஒன்று. நடுவே கம்பியைக் கட்டிவிட்டால் வருகிற துணியெல்லாம் கொடியில் காயப்போட்டது மாதிரி மாட்டிக்கொள்ளும். வகுப்புத் தோழன் மதன்குமார் ஆற்றில் இறங்கி எடுத்துப்போடுவதாக ஏற்பாடு. குவிந்ததை அள்ள ஊராட்சிக் குப்பை டிராக்டருக்கும் சொல்லிவைத்தாள். அப்பாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. கழித்த துணியைத் தொட்டாள் என்று தெரிந்தால் கம்பியும் போகும், ஆறும் போகும்.

ஆடி அமாவாசை விடிந்ததும் முதல் துண்டு வந்து கொக்கியில் மாட்டியது. "மாட்டிருச்சு, மாட்டிருச்சு!" என்று தண்ணீரிலேயே குதித்தான் மதன்குமார். பின்னாலேயே ஒரு சேலை, ஒரு லுங்கி, இரண்டு சட்டை. அவன் எடுத்து வீச வீச அவள் இழுத்துக் குவித்தாள். கம்பியைத் தாண்டி ஆறு வெறும் ஆறாகப் போய்க்கொண்டிருந்தது. அனுசுயாவுக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினாள்.

பத்து மணிக்குக் கூட்டம் நெரிந்தது. துணி கொத்துக் கொத்தாக வந்து கம்பியில் தொங்க, எதிர்க்கரைக் கட்டு நழுவத் தொடங்கியது. இந்தக் கரையில் கட்டியவள் அனுசுயா. அப்பா கட்டுவதைப் பார்த்தே வளர்ந்த கை அது. அந்தக் கரைக்கு ஆற்றில் இறங்கித்தான் போகவேண்டும் என்பதால் அதை மதன்குமாரிடம் விட்டிருந்தாள். அவன் போட்டிருந்தது மாட்டுக்குப் போடுகிற முடிச்சு.

"ஏலே மதனு, நழுவுதுடா! அங்கன ஓடுடா!"

"நான் கம்பிப் பாரத்தத் தாங்குவேனா, அங்கன ஓடுவேனா? நீ இறங்கு!"

"மாட்டேன்! அப்பாவுக்கு வாக்குக் குடுத்துருக்கேன்! ஐயோ, போகுதே!"

அந்த அலறல் படித்துறை வரை கேட்டது. அங்கே தங்கப்பாண்டியன் அப்போதுதான் வேட்டியை ஆற்றோடு விட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு கரையேறிக்கொண்டிருந்தார். ஆற்றுப் பக்கமிருந்து மகளின் குரல்! தோஷமாவது ஒன்றாவது, திரும்பினார். திரும்பியவர் ஓடினார்.

மகள் நனையாத காலோடு கரையில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது. ஆனால் அது வாய்க்கு வருவதற்குள் கண் எதிர்க்கரை மரத்துக்குப் போய்விட்டது.

"எந்தக் கூறுகெட்ட பய கம்பிக்கு முடிச்சுப் போட்டது? கம்பிய முறுக்கணும்லே!"

துண்டோடு ஆற்றில் பாய்ந்து எதிர்க்கரைக்குப் போனார். மதன்குமார் பாரத்தைத் தூக்கிப் பிடிக்க, முடிச்சை அவிழ்த்து, இழுத்து, நாலே சுற்றில் முறுக்கினார். கம்பி விறைத்து நின்றது.

அப்போதுதான், வளைவில் தேங்கித் தேங்கி வந்த ஒரு கறுப்புக்கரை வேட்டி, தண்ணீரில் திரும்பி வந்த அவர் நெஞ்சுக்கு நேரே இருந்த கொக்கியில் மாட்டியது. சற்று முன் இடுப்பில் இருந்த வேட்டி. அதன் கரையை விரித்துப் பார்த்தார்.

"இத்தன வருசமா இங்கனதான் வருதா?"

"ஆமாப்பா. எல்லாரு துணியும் இங்கனதான் வரும்."

வேட்டியை எடுத்துக் கரையில் வீசினார். பக்கத்துக் கொக்கியில் ஒரு சேலை. நான்கு வருஷத்துக்கு முந்தி மகள் காலில் கிழித்தது மாதிரியே அதைக் கொக்கியிலிருந்து பிய்த்தெடுத்தார். அதையும் வீசிவிட்டு, கம்பியைத் தாண்டி ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீரில் அடிமணல் தெரிந்தது.

"அங்கிட்டு ஏதாச்சும் துணி இருக்காத்தா?"

"ஒண்ணுமில்லப்பா."

"பெறகென்ன கரையில நின்னு வேடிக்க? இறங்..."

சொல்லி முடிப்பதற்குள் அனுசுயா தண்ணீருக்குள் இருந்தாள்.