பை எடுக்கப் போன ஏழு அடிகள்

அக்கா நம்மைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்நினைவு மலரை வாங்கிய கையோடு என் எழுத்தையும் வாசிக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அக்கா பிறந்தது போடி பக்கம் சிலமலை கிராமத்தில். அப்பா காலமானபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு இரண்டு. அடுத்த மாதமே அம்மாவோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போனார். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். சரிவில் குத்தவைத்தே நாள் முழுக்க எடுக்க வேண்டும். மாலையில் அக்கா இறங்கி வரும்போது சேலையெல்லாம் ஏல வாசம் அடிக்கும். இன்றும் யார் வீட்டுப் பாயசத்திலாவது அந்த வாசம் வந்தால் நான் வாசலைப் பார்க்கிறேன். திருமணத்துக்குப் பிறகும் என் படிப்புக்காக மலைக்குப் போனார். மாமா ஒரு நாளும் தடுத்ததில்லை.

நம் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மனிதர்களின் நடையைப் பற்றி ஆய்வு செய்யச் சேர்ந்தபோது, “நடக்குறதுக்கெல்லாமாடா படிப்பு?” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மலைச்சரிவில் உழைப்பவர்களின் நடையைப் பதிவு செய்யும் வேலை வந்தது. முதல் ஆளாக அக்காவை அழைத்தேன். மாமாவுடன் பட்டுச்சேலையில் வந்து இறங்கினார்.

எங்கள் கட்டடத்தை முதலில் சுற்றிக் காட்டினேன். கீழ்த்தளத்தில் ஈக்களைச் சீசாக்களில் வளர்த்து, தாயின் குணம் குஞ்சுக்கு எப்படிப் போகிறது என்று பார்க்கிறார்கள். “ஈய வெரட்ட ஆள் வைப்பாக, வளக்கவுமா வச்சிருக்காக?” என்றார். அடுத்த அறையில் சின்ன விமானப் பொம்மையைக் கட்டி வைத்து, அதன் மேல் காற்றைப் பாய்ச்சிச் சோதித்தார்கள். அங்கிருந்தவரிடம், “தம்பி, போடிமெட்டுக்குக் கொண்டாங்க. காத்து ஓசிதான்” என்றார். அந்த அறையே சிரித்தது.

எங்கள் அறையில், கால் அசைவு தெரியவேண்டும் என்று முழுக்கால்சட்டை போடச் சொன்னோம். மாமாவை வெளியே அனுப்பிவிட்டுத்தான் போட்டார். இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் மின்னும் சிறு உருண்டைகளை ஒட்டினோம். சுற்றியுள்ள கேமராக்கள் அவற்றை மட்டுமே பார்க்கும். அக்கா தலை நிமிர்ந்து, மணப்பெண் போல, நேராக நடந்தார். ஐந்து முறையும் ஒரே நடை. மிக அருமையான பதிவு என்று நான் மகிழ்ந்துபோனேன்.

வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டேன். ஆனால் கேமராக்களை இன்னும் நிறுத்தவில்லை. மூலையில் இருந்த தன் பையை எடுக்க அக்கா ஏழு அடி நடந்தார்.

மறுநாள் அந்தத் துண்டை வெட்டி எறியப் போனேன். என் பேராசிரியை தடுத்து, மறுபடி ஓட்டிப் பார்த்தார். “உங்க அக்காவுக்கு இடது முழங்கால் எத்தனை வருஷமா வலிக்குது?” என்று கேட்டார்.

ஊருக்கு வந்து கேட்டேன். அக்கா முதலில் பேச்சை மாற்றினார். பிறகு, “நொண்டி நடந்தா ஒனக்கு மார்க்கக் கொறச்சிருவாகன்னு பல்லக் கடிச்சு நடந்தேன்டா. கொறச்சுட்டாகளா?” என்றார்.

மூட்டுத் தேய்ந்துவிட்டது, இனிக் குத்தவைக்கக் கூடாது என்றார் மருத்துவர். இந்தக் காய் எடுப்பு முடியட்டும் என்றார் அக்கா. முடிவதற்குள் நெஞ்சுவலி வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

காரியத்தன்றுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. அக்காவோடு ஜீப்பில் போய்வந்த பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கால்வலி தெரிந்திருக்கிறது. தங்களுக்கு மூச்சு வாங்குவதாகச் சொல்லி, அவருக்காகவே மெல்ல நடந்திருக்கிறார்கள். ஜீப் ஓட்டும் அண்ணன் முன்சீட்டை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார். நடையைப் படித்த எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அவர்களுக்கும், கடைசி நாளில் மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்த சொந்தங்களுக்கும், மாமாவின் சார்பிலும் என் சார்பிலும் கைகூப்புகிறேன்.

போன வாரம், அக்காவுடன் காய் எடுத்த பாண்டியம்மாள் சித்தியிடம், யாருடையவை என்று சொல்லாமல் அந்தப் பதிவுகளைக் காட்டினேன். கறுப்புத் திரையில் வெறும் வெள்ளைப் புள்ளிகள்தான் நகரும். முகம் இருக்காது. நேராக நடந்ததைப் பார்த்துவிட்டு, “யாருப்பா இது, பெரிய எடத்து அம்மாவா?” என்று கேட்டார். பிறகு அந்த ஏழு அடிகளைப் போட்டேன். மூன்றாவது அடியிலேயே சித்தியின் கை திரையைத் தொட்டது.

“மெல்லப் போகச் சொல்லுப்பா ஒங்கக்காள. நாங்களும் வர்றோம்ல.”