குடிபூரலுக்கு ஒரு கல்வெட்டு

போன வாரம் பத்தியைக் காணவில்லையே, சுகமில்லையோ என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. வெட்கம்தான் காரணம். ஒரு வீட்டு விசேஷத்தில் நான் செய்துவிட்டு வந்த காரியத்துக்குப் பிறகு, நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எதையும் எழுதக் கை வரவில்லை.

இப்போது வருகிறது. சொல்லி முடித்துவிடுகிறேன்.

என் சிநேகிதி சாந்தி யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் வீடு கட்டியிருக்கிறாள். இருபத்தாறு வருடங்கள் வாடகை வீடுகளில் இருந்தவள். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய வாழ்க்கை. குடிபூரலுக்கு, அதுதான் புதுமனை புகுவதற்கு, நாள் வைத்து, கார்டும் அடித்த பிறகு அவளுடைய கணவர் ரவி அண்ணைக்கு நெஞ்சு நோ வந்தது. கொழும்புக்குக் கொண்டுபோய் பைபாஸ் ஒப்பரேஷன். புது வீடு நாலு மாதம் பூட்டிக் கிடந்தது.

ரவி அண்ணை தேறிவிட்டார். நடக்கிறார், சாப்பிடுகிறார், கிரிக்கெட் பார்த்துக் கத்துகிறார். சாந்திதான் இன்னும் ஒப்பரேஷன் தியேட்டர் வாசலிலேயே நிற்கிறாள். அவர் கொஞ்சம் கூடுதலாக நித்திரை கொண்டால், மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறாளாம். அவளே சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு நல்ல நாளில் குடிபூரல் என்று முடிவானது. என்ன கொடுப்பது?

எங்கள் ஊரில் புது வீட்டுக்குக் குறைந்தது ஏழு சுவர் மணிக்கூடுகள் வரும். ஏழும் ஏழு நேரம் காட்டும். எட்டாவதை நான் கொடுக்க வேண்டுமா? கையால் ஒன்று செய்வோம் என்று தீர்மானித்தேன். இரண்டு வருடங்களாக நான் மிக்ஸ்ட் மீடியா என்கிற பைத்தியத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு – ஒரு பலகையில் தாள், துணி, பெயின்ட், பொத்தான், துருப்பிடித்த இரும்பு என்று அடுக்கடுக்காக ஒட்டி, முழுவதையும் நூறு வருடம் பழசுபோல ஆக்கிச் சுவரில் மாட்டுவது. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சொல்லித்தருகிறா. எனக்கு அவதான் குரு.

“புதுப் பலகையை வாங்கிக்கொண்டு வந்து பழசாக்கிறாய். எங்கடை பின் சுவர் தானாவே பழசாகிக் கிடக்கு, அதை ஒருக்கால் புதுசாக்கப் பாரன்” என்பார் என் கணவர். அவருக்குக் கலை விளங்காது.

குருவிடம் இருக்கிற சாமான்கள் எங்கள் கடைகளில் கிடைக்காது. நான் சமாளிப்பேன். முதல் பூச்சுக்கு வெள்ளை எமல்ஷனில் சோக்குத் தூள் கலந்தது. தாளுக்கு வயது ஏற்ற, பால் விடாத, சாயம் கூடின பிளேன்ரீ. வொஷர்களை உப்புத் தண்ணீரும் வினாகிரியும் தெளித்து வெயிலில் வைத்தால் மூன்றாம் நாள் நல்ல துரு. மரப்பசை காய்வதற்கு முன் மேலே பெயின்ட் அடித்து ஹேர் ட்ரையரைப் பிடித்தால், வெடிப்பு வெடிப்பாகப் பிளந்து பழைய சுவர் மாதிரி வரும். கடைசியில் மண்ணிறச் சப்பாத்து பொலிஷ் கொஞ்சம். பிறகு சாண்ட் பேப்பரால் அங்கங்கே தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க அடி அடுக்குகள் எட்டிப் பார்க்கும். அந்த எட்டிப் பார்ப்பில்தான் விஷயமே இருக்கிறது.

அடி அடுக்குக்கு அச்சடித்த தாள் வேண்டும். குரு பழைய புத்தகங்களைச் சரக்கென்று கிழிப்பா. எனக்குப் புத்தகம் கிழிக்கக் கை வராது. பத்திரிகைத் தாள் பசை பட்டதும் கூழாகிவிடும். வேறு என்ன இருக்கிறது வீட்டில்?

கல்வெட்டு.

வெளியூர் வாசகர்களுக்கு: எங்களிடம் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, கையில் ஒரு சிறு புத்தகமும் கொடுத்து அனுப்புவோம். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், பிள்ளைகளின் புலம்பல். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். எறியவும் முடியாது, திரும்ப வாசிக்கவும் மாட்டோம். ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் ஒரு கட்டு இருக்கும். நல்ல தடித்த தாள். பிளேன்ரீயில் நனைத்தால் அருமையாக நிறம் பிடிக்கும்.

நான் கண்மூடித்தனமாகக் கிழிக்கவில்லை, சொல்லிவிட்டேன். படமும் தேவாரமும் பெயரும் இல்லாத ஒரு துண்டாகப் பார்த்துத்தான் கிழித்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தேனா? இல்லை. “எழுத்தை வாசிக்காதீர்கள், அது வெறும் டெக்ஸ்சர்” என்பது குருவின் வாக்கு.

அதன் மேல் பழைய சட்டையில் வெட்டிய லேஸ், கரையில் பொறுக்கின வலைத்துண்டு, சிறு சிப்பிகள், பொத்தான்கள், துரு வொஷர்கள், பழைய பூட்டு ஒன்றின் திறப்பு. நடுவில் கார்ட்போட்டில் வெட்டிய ஒரு குட்டி வீடு, தகரக் கூரையோடு. வீட்டுக்குக் கீழே சாண்ட் பேப்பரால் தேய்த்தபோது ஒரு வரி எழுத்து மெல்ல வெளியே வந்தது. என்ன அழகு! வார்னிஷ் அடித்துக் காயவைத்தேன். இவ்வளவு நல்லதாக நான் எதையும் செய்ததில்லை.

குடிபூரல் அன்று சாந்தி அதைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். அங்கேயே நின்ற தச்சரைக் கூப்பிட்டு, வாசலுக்கு நேரே ஹோலில் மாட்டச் சொன்னாள். தன் சொந்த வீட்டில் அவள் அடிப்பித்த முதல் ஆணி என்னுடைய பலகைக்குத்தான். எனக்குத் தலை கால் புரியவில்லை.

பால் காய்ச்சி, ஐயர் போய், பந்தி நடந்துகொண்டிருந்தது. ரவி அண்ணையின் தமக்கை, லண்டனிலிருந்து வந்தவ, கையில் வடையோடு பலகைக்குக் கிட்டப் போனா. கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டா.

“உதிலை ஏதோ எழுதிக் கிடக்கு” என்றா. பிறகு வாசித்தா. நல்ல கணீர்க் குரல்.

“பிறப்பிடமாகவும்… வதிவிடமாகவும்… கொண்ட…”

அவ்வளவுதான் இருந்தது அந்த வரியில். ஆனால் யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிறகு என்ன வரும் என்று யாருக்குத்தான் தெரியாது? தினமும் பத்திரிகையில் வாசிக்கிறோம். ரேடியோவில் கேட்கிறோம். மரண அறிவித்தல் அப்படித்தானே தொடங்கும் – இந்த ஊரைப் பிறப்பிடமாகவும் அந்த ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். ஹோலில் இருந்த நாற்பது பேரும் மிச்சத்தை மனதுக்குள் வாசித்து முடித்தார்கள். கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது.

ரவி அண்ணை நல்ல மனிதர். நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார்.

“பரவாயில்லை… பேர் போடேல்லைத்தானே” என்றார்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். சாந்தி சிரிக்கவில்லை. கதிரையில் ஏறித் தானே பலகையைக் கழற்றி, மணிக்கூட்டுப் பெட்டிகளுக்குப் பின்னால் முகம் சுவரைப் பார்க்க வைத்தாள். பிறகு எனக்குக் கேசரி கொண்டுவந்து தந்தாள். “சாப்பிட்டிட்டுப் போ” என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வருடச் சிநேகிதம். அன்று அந்தக் கேசரியை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். குரு சொன்னதில் பிழை இல்லை. அவவுடைய ஊரில் எழுத்து டெக்ஸ்சராக இருக்கலாம். எங்களுக்கு எழுத்து எங்கே டெக்ஸ்சர்? வடை சுற்றி வந்த பேப்பரையே எண்ணெயை வழித்துவிட்டு வாசிக்கிற சனம் நாங்கள். பஸ்ஸில் முன் சீற்றுக்காரர் பிடித்திருக்கிற பேப்பரைத் தோளுக்கு மேலால் வாசிப்போம். கிழித்தது நான், வாசிக்காமல் ஒட்டியதும் நான். பத்தி எழுதுகிறவளுக்கு இது தெரியாமல் போனதே என்பதுதான் என் வெட்கம்.

மூன்று நாள் ஃபோன் எடுத்தேன். அவள் தூக்கவில்லை. “நீ பேசாமல் ஒரு மணிக்கூடு குடுத்திருக்கலாம்” என்றார் என் கணவர். ஒரே தடவைதான் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது.

நாலாம் நாள் காலை சாந்தி ஸ்கூட்டியில் உடுவிலில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பின் சீற்றில் பெட்ஷீற்றால் சுற்றிக் கட்டிய பலகை. உள்ளே வந்து மேசையில் வைத்தாள்.

“எரிப்பமெண்டுதான் எடுத்தனான்” என்றாள். “நடுவிலை வீடு வைச்சிருக்கிறாய். வீட்டை எப்பிடியடி எரிக்கிறது?”

நான் பெட்ஷீற்றை அவிழ்த்தேன்.

“அந்த வரிக்குப் பிறகு பேர் வாற இடம் வெறுமையாக் கிடக்கு. நாலு நாளா எனக்கு அந்த இடத்திலை என்ரை மனுசன்ரை பேர்தான் தெரியுது. மனுசன் இருமினாலும் தெரியுது. சுரண்டு. அடிமட்டும் சுரண்டு.”

தகட்டுக் கரண்டியும் ஈரத்துணியும் எடுத்தேன். மரப்பசை லேசில் விடாது. ஒரு மூலையில் லேஸ் கிழிந்து வந்தது. சாந்தி பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, ஒரு கண்காணிப்பாளர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆற்றை கல்வெட்டு உது?”

அதுவரைக்கும் எனக்கே தெரியாது. அலுமாரியில் தேடி, கிழித்த புத்தகத்தை எடுத்தேன். எங்கள் ஒழுங்கை முனை வீட்டு சின்னத்துரை ஐயா. ரோட்டு வேலைகளுக்கு ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“என்ன வயசு?”

வாழ்க்கை வரலாற்றின் கடைசிப் பந்தியில் இருந்தது. “தொண்ணூற்று மூண்டு.”

சாந்தி கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள்.

“என்ன வருத்தம்?”

“ஒரு வருத்தமும் இல்லை. காலமை பூமரங்களுக்குத் தண்ணி விட்டு, பிட்டும் மாம்பழமும் சாப்பிட்டு, சாய்மனைக் கதிரையிலை இருந்தவர். அப்பிடியே போயிட்டார்.”

“நெஞ்சு நோ?”

“இல்லை.”

“ஒப்பரேஷன் ஏதும்?”

“அந்தாள் காய்ச்சலுக்குக் குளிசை போட்டதையே ஒருத்தரும் காணேல்லை.”

சாந்தி என் கையைப் பிடித்தாள். கரண்டி நின்றது.

“சுரண்டாதை. அவர் உள்ளுக்கு இருக்கட்டும்.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் கல்வெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘தனது 93ஆவது வயதில்’ என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

“இந்த இலக்கத்தை வெட்டி எடுக்கலாமே?”

“செத்தவற்றை கல்வெட்டடி…”

“நீ கிழிக்கேக்கை கேட்டனியே? நான் கேட்டிட்டு வெட்டுறன்.” புத்தகத்தை மூடி, அட்டையில் இருந்த சின்னத்துரை ஐயாவின் படத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினாள்.

வரியின் மேல் புதிதாக லேஸ் ஒட்டினோம். பெயர் வருகிற வெறும் இடத்தில் அவள் தன் கையாலேயே அந்த இலக்கத்தை ஒட்டினாள். சுற்றிவர நாலு சிப்பி. கொஞ்சம் கோணல்தான். நான் திருத்தவில்லை. போகும்போது, அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டு ஒரு கறியும் எடுத்துக்கொண்டு போனாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

பலகை மறுபடியும் அதே ஹோலில் தொங்குகிறது. லண்டன் தமக்கை வீடியோ கோலில் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதென்ன 93 என்று கேட்டாவாம். டிசைன் என்று சொல்லியிருக்கிறாள் சாந்தி.

எனக்கு மட்டும் வேறு மாதிரிச் சொன்னாள். ரவி அண்ணைக்கு இப்போது வயது ஐம்பத்தெட்டு. மிச்ச முப்பத்தைந்து வருடத்துக்கும் நான்தான் பொறுப்பாம்.