தேதிமேல் வைத்த சந்தனம்

வடக்கே எல்லைக்குப் பக்கத்தில் எங்கள் முகாம். எதிரி வருகிறானா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி, அவரவர் ஊரில் நிற்கும் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று மேஜர் பார்க்க ஆரம்பித்தார். எவனோ ஒரு சிப்பாய் லீவில் போன இடத்தில், இன்சூரன்ஸ் இல்லாத காரால் யாரையோ இடித்துவிட்டானாம். காகிதத்தைக் காட்டாதவனுக்கு லீவு கிடையாது என்று மேலிடத்து உத்தரவு.

எங்கள் துப்பாக்கிகளைக்கூட அவர் அவ்வளவு உன்னிப்பாகச் சோதித்ததில்லை. எங்கள் செல்போனில் இருந்த காகிதப் படத்தை வெயிலுக்கு மறைத்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு தேதியாகப் படித்தார். எனக்குப் பக்கத்தில் நின்றவனிடம் சைக்கிள்கூட இல்லை. கார் இல்லை என்பதற்கு அத்தாட்சி கொண்டுவரச் சொன்னார்கள். இல்லாத காரை எப்படிப் படம் எடுப்பது என்று அவன் இரண்டு நாள் முழித்துக்கொண்டு திரிந்தான். எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் லீவு வேண்டுமே, அடக்கிக்கொண்டேன்.

போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் இருக்கும் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. மூத்த தாய்மாமன் நான். பிள்ளை என் மடியில்தான் உட்கார வேண்டும். கம்மலை முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

என் பெயரில் இருப்பது ஒரு பழைய ஜீப். தம்பிதான் ஓட்டுகிறான். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களைப் போடியிலிருந்து மலைக்கு ஏற்றிப்போவான். அவன் அனுப்பிய இன்சூரன்ஸ் படத்தில், முடிகிற தேதியின்மேல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. இது என்ன மஞ்சள் என்றார் மேஜர். பூசைப் பொட்டு என்றேன். துடைத்துவிட்டு வேறு படம் அனுப்பச் சொல் என்றார். சாமி காரியத்திலும் கை வைக்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தம்பியைக் கூப்பிட்டேன்.

"டேய், அந்தப் பொட்டத் தொடச்சிட்டு வெரசா ஒரு போட்டோ அனுப்பு."

"ஆயுத பூசைக்கு வச்சதுண்ணே. அழிச்சா ஆகாதுல்ல?"

"அது முடிஞ்சு எத்தன மாசமாச்சு!"

"வெள்ளிக்கெழம தவறாம நாந்தேன் புதுசா வைக்கிறேன்."

பக்தி என்று நினைத்துப் பெருமைகூடப் பட்டேன். அப்புறம் இரண்டு நாள் அவன் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நான் போட்ட சத்தத்தில் துடைத்த படம் வந்தது. இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

"ஏன்டா இப்பிடிப் பண்ணுன?"

"அடிவாரத்துச் செக்போஸ்டுல காகிதத்தக் கேப்பாகண்ணே. சந்தனத்தப் பாத்துட்டு ஒருத்தரும் தொடைக்கச் சொன்னதில்ல. ஒங்க மேஜருதேன் மொத ஆளு."

சந்தனத்தை வாராவாரம் புதுப்பித்தவனுக்கு இன்சூரன்ஸைப் புதுப்பிக்கத் தோன்றவில்லை. உடனே கட்டலாம் என்றால், இத்தனை நாள் விட்டுப்போன வண்டியை ஆள் வந்து பார்த்த பிறகுதான் தருவார்களாம். அந்த ஆள் வருவதற்குள் என் ரயில் போய்விட்டது.

காதுகுத்து அன்று படம் வந்தது. பிள்ளை வாயைப் பிளந்து அழுகிறாள். காதில் நான் வாங்கிய கம்மல். உட்கார்ந்திருப்பது தம்பியின் மடியில், அவனும் தாய்மாமன்தானே. எனக்கு வயிறு எரிந்தது. பின்னால் அந்த ஜீப் மாலை போட்டுக்கொண்டு நின்றது. போன் போட்டு, இன்சூரன்ஸ்காரர் வந்தாரா என்று கேட்டேன்.

"நாளைக்கி வர்றாகண்ணே. இன்னிக்கி எல்லாரும் இதுலதேன் மலக்கோயிலுக்கு வந்தோம். பிள்ளையவும் சேத்துப் பன்னெண்டு பேரு."

இன்சூரன்ஸ் இல்லாமலா என்று நான் கத்திய கத்தலில் முகாமே திரும்பிப் பார்த்தது. மேஜரும் பார்த்தார். இன்சூரன்ஸுக்காக இப்படித் துடிக்கிற சிப்பாயை அவர் கண்டதில்லை போலும். தோளில் தட்டிக்கொடுத்து, அடுத்த வாரச் சோதனையை என்னையே நடத்தச் சொன்னார்.

நடத்தினேன். தேதிமேல் குங்குமம் வைத்த காகிதத்தின் படம் ஒன்று வந்தது. கொண்டுவந்தவன் வாயைத் திறப்பதற்குள், துடைக்கச் சொல் என்றேன்.