டெஸ்ட் ஃபைலில் இருந்த யாழினி

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸில் அழுதுவிட்டேன். அதுவும் பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க. இத்தனை வருட சர்வீஸில் மேனேஜர் திட்டியபோதுகூட பாத்ரூமுக்குப் போய் அழுத ஆள் நான்!

காரணத்தைச் சொல்ல, கொஞ்சம் என் தொழிலையும் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சரவணம்பட்டியில் ஒரு சின்ன கம்பெனி எங்களுடையது. பள்ளிக்கூடங்களுக்கு அட்மிஷன் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். எங்கள் மொழியில் ‘கிளாஸ்’ என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூட அட்மிஷன் ஃபாரம் இருக்கிறதல்லவா... பெயர், வயது, அப்பா பெயர் என்று கட்டம் போட்டு, நிரப்பாமல் காலியாக? அதுதான் கிளாஸ். அதில் ஒரு குழந்தையின் விவரத்தை எழுதிவிட்டால், அது ‘ஆப்ஜெக்ட்’. ஃபாரம் ஒன்றுதான். நிரப்ப நிரப்ப ஆயிரம் குழந்தைகள் வருவார்கள்.

எழுதிய சாஃப்ட்வேர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, சும்மா சில ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கி ஓட்டிப் பார்ப்போம். அதற்கென்று ஒரு டெஸ்ட் ஃபைல். அதில் என்ன பெயர் கொடுப்பது? எங்கள் ஆபீஸில் அவரவர் வீட்டுக் குழந்தையின் பெயர்தான். யாரும் வைத்த சட்டமில்லை, பழகிவிட்டது. கல்யாணமாகாத ஒருவர் தன் நாயின் பெயரைக் கொடுத்திருக்கிறார். டைகருக்கு இதுவரை எத்தனை முறை யூகேஜி சீட் கிடைத்திருக்கும் என்று கணக்கே இல்லை!

கதிர்வேல் கொடுத்த பெயர் யாழினி.

கதிர்வேல் என் டீமில் இருப்பவர். கிணத்துக்கடவிலிருந்து தினமும் பைக்கில் வருவார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். யாழினி அவருடைய ஒரே மகள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் காலையில் வந்ததும் டெஸ்ட் ஃபைலைத் திறந்து அவள் வயதில் ஒன்றைக் கூட்டுவார். மாற்றத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில், ‘பாப்பாவுக்கு ஆறு’, ‘பாப்பாவுக்கு ஏழு’ என்று எழுதுவார். அப்புறம்தான் எங்களுக்குத் தேங்காய் பன் வரும்.

போன மழைக்காலத்தில் யாழினிக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள்... போய்விட்டாள்.

நாங்கள் எல்லோரும் கிணத்துக்கடவு போயிருந்தோம். அந்த வீட்டைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை, விட்டுவிடுங்கள்.

திரும்பி வந்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. மனிதர் வேலைக்கு வந்து ஃபைலைத் திறந்தால், முதல் வரியிலேயே மகள் பெயர். தாங்குவாரா? அவர் வருவதற்கு முந்தின நாள் உட்கார்ந்தேன். யாழினி என்று இருந்த இடத்திலெல்லாம் ‘மாணவர் 1’ என்று மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற ஒரு பட்டன் இருக்கிறது, ஒரு நொடி வேலைதான். பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு வேறு எனக்கு!

எங்கள் தொழிலில் ரகசியமாக எதையும் அழிக்க முடியாது. அழித்த வரி சிவப்பில் தெரியும். பக்கத்தில், அழித்தவர் பெயர்.

கதிர்வேல் நேராக என் சீட்டுக்கு வந்தார்.

“ஏனுங்கக்கா... எம்பட பாப்பாவ நீங்களா எடுத்தீங்க?”

“கதிரு... நீங்க பாத்தா கஷ்டப்படுவீங்கன்னுதானுங்க...”

“ஊட்டுல அவ துணிமணி, பையி, செருப்பு, அத்தனையும் சொந்தக்காரங்க மூட்டை கட்டிக் கொண்டு போயிட்டாங்க. ஊட்டுக்காரி பாத்தா அழுவாளாமா. பள்ளிக்கோடத்துலயும் பேர அடிச்சுப்போட்டாங்க. இங்க ஒரு எடத்துலயாச்சும் இருப்பான்னு நெனச்சுத்தானுங்க்கா வேலைக்கே வந்தேன்.”

கோபம் துளியும் இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவர எங்களுக்கு ஒரு கட்டளை போதும். கொடுத்தேன். யாழினி, வயது ஏழு, இரண்டாம் வகுப்பு... எல்லாம் பழையபடி வந்தது. அவர் பார்த்தார், தலையாட்டினார், தன் இடத்துக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் மாதக்கணக்கில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை யாழினியின் பிறந்தநாள்.

காலையில் என் ஸ்கிரீனில் ஒரு மாற்றம் வந்து நின்றது. டீமில் யார் எதை மாற்றினாலும் நான் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். இரண்டே வரி. வயது ஏழு என்பது எட்டு ஆகியிருந்தது. இரண்டாம் வகுப்பு என்பது மூன்றாம் வகுப்பு ஆகியிருந்தது. காரணம்: ‘பாப்பாவுக்கு எட்டு.’

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எழுந்து அவரிடம் போனேன். இந்த முறை நானாக எதையும் முடிவு செய்யவில்லை, பக்கத்தில் போய் நின்றேன். அவரே சொன்னார்.

“எட்டு வயசுப் புள்ளைய ரெண்டாவதுலயே உக்கார வெச்சா நம்ம சாஃப்ட்வேர் ஒத்துக்காதுங்களே... அதானுங்க்கா மூணாவதுல போட்டேன். சரியா வருதான்னு ஒருக்கா ஓட்டிப் பாருங்க.”

அவர் கம்ப்யூட்டரிலேயே ஓட்டினேன். பச்சை விளக்கு.

“பாஸாயிட்டாளுங்க்கா,” என்றார். சொல்லி முடிக்கவில்லை, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இத்தனை மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். என்னாலும் முடியவில்லை.

துக்கப்பட்டவர் கண்ணில் படாமல் எதையெல்லாம் ஒளித்து வைக்கிறோம் நாம்! ஒளித்தால் மறந்துவிடும் என்று யார் சொன்னது? மறக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்களா? ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை நான் முன்பே கேட்டிருக்கலாம்.

அடுத்த வருடம் அவள் நான்காவது போக வேண்டும். அந்த ஃபைலில் இனி எவராவது கை வைத்துப் பார்க்கட்டும்!