இன்னொருக்காச் சொல்லுங்கோ

வவுனியா ஆஸ்பத்திரியில் பெண் வைத்தியர் ஒருவர், என் மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கதிரையில் என் கணவர் இருந்தார். முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்பவர். ஆஸ்பத்திரிக்கு வந்தால் வாயே திறக்கமாட்டார். அன்று எழுந்து நின்றார்.

"டொக்டர், குறை நினையாதேங்கோ. இவா தலையாட்டுறா, ஆனா ஒண்டும் விளங்கேல்லை. முதலிலயிருந்து இன்னொருக்காச் சொல்லுங்கோ."

வைத்தியர் கதிரையை இழுத்து என் முன்னால் வந்து அமர்ந்தார். கட்டி வேறு இடத்துக்குப் பரவியதாகத் தெரியவில்லை, முதலில் ஒப்பரேசன், பிறகு மருந்து ஏற்றுவோம் என்று ஆறுதலாகச் சொன்னார். எனக்கு விளங்காத இடத்திலெல்லாம் கணவர் மறித்துக் கேட்டார். நான் கேட்கப் பயந்ததையும் அவரே கேட்டார்.

"இவா தப்புவாவோ?"

"வேளைக்கு வந்திட்டீங்கள். சுகப்படுத்துறதுக்கு நல்ல வாய்ப்பிருக்கு."

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் பயம்தான்," என்றார். "ஆனா ரெண்டு பேரும் விளங்காமல் வீட்டை போனா, பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

ஒப்பரேசன் முடிந்து இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பயந்துகொண்டே ஒரு மனிதர் எவ்வளவு தெளிவாகப் பேசலாம் என்பதை அருகில் இருந்து பார்த்தவள் நான்.